வாலில் முடிகிற கதை

இருபத்திரண்டாம் தேதி. மழை இல்லை.
வந்துவிடுவேன் என்று மிரட்டுகிற வானம் மட்டும்
மூன்று நாளாகச் சமாதானபுரத்தின் மேல்.

ஹைகிரவுண்டில் ராத்திரி டியூட்டி முடித்து வந்து
தூங்காமல் முட்டை உடைத்தேன், பன்னிரண்டு.
சீனியைக் கருக்கினேன். புகை மதில் தாண்டியது.
'என்னக்கா தீயுது?' என்று எட்டிப் பார்த்த லில்லிபுஷ்பம்
'ஓ, கேக்கா' என்று தலையை எடுத்துக்கொண்டாள்.

செல்வினுக்கு இரண்டு மணிக்குத் தாழையூத்தில் ஷிப்டு.
போகிற வழியில் மன்சூர் பேக்கரி அடுப்பில்
டின்னைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.
ஊர் டின்னெல்லாம் அங்கே ஒன்றுபோல் இருக்கும்.
அதனால் நகச்சாயத்தால் எங்கள் டின்னில் ஒரு மீன்.
பைக் உறுமிக்கொண்டு நின்றது. நான் ஓடினேன்.
டின்னில் நெய் தடவி, தாள் விரித்து, மாவை ஊற்றி,
'சாய்க்காமப் போங்க' என்று கத்தி,
அப்படியே பாயில் விழுந்தேன்.

எழுப்பியது எமீமாவின் அலறல்.

யாபேஸ் நட்சத்திரம் செய்திருந்தான்.
மூங்கில் சிம்பு, மைதாப் பசை, சிவப்புக் கண்ணாடித்தாள்.
கடையில் தொங்குகிறது ஆகாதாம்,
அதற்கு வால் இல்லையாம்.
இவன் நட்சத்திரத்துக்கு வால் இருந்தது, நீளமாக,
காற்றில் சரசரவென்று,
வரிவரியாக எழுத்தோடு.

லைப்ரரி புத்தகம். துப்பறியும் கதை.
கலங்கரை விளக்கத்தில் ஒரு பிணம், ஏழு பேர்மேல் சந்தேகம்.
எமீமா நாலு நாளாகச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து
குழம்புக் கறையோடு படித்துவந்தது.
'தனியா கழண்டு கிடந்துச்சும்மா,
பழைய தாள்னு நெனச்சேன்' என்றான்.

நாற்காலிமேல் ஏறி நின்று வாலைப் படித்தாள் அவள்.
நூற்றெண்பத்தைந்து, எண்பத்தேழு. பின்பக்கம் திருப்பி எண்பத்தாறு.
பசை ஒட்டிய இடத்தை டார்ச் அடித்து.
ஆறு பேர் தப்பித்தார்கள், ஏழாவது ஆள் அழுதான்,
துப்பறிகிறவர் எழுந்து கதவைச் சாத்தினார்...
அதோடு வால் முடிந்தது.

'கடைசித் தாள் எங்கலே?'
'நான் எடுக்கல.'
'பொய் சொல்லுதான்மா.'
சத்தியம் பண்ணக்கூடாதென்று ஞாயிறு வகுப்பில் படித்தவன்,
சத்தியமும் பண்ண முடியாமல்
சிவந்துபோய் நின்றான்.
நான் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
பண்டிகைச் சமயத்தில் பொய்யா என்றேன்,
அபராதத்தை உன் உண்டியலில்தான் எடுப்பேன் என்றேன்.
எட்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்.
சாப்பிடாமல் படுத்தான், நட்சத்திரத்துக்குக் கீழேயே,
கத்தரிக்கோல் பக்கத்தில்.

பத்தே முக்காலுக்கு டின் வந்தது.
சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு அதை அணைத்துப் பிடித்து
'நம்ம மீன்தானே, பாத்துக்கோ' என்றார் செல்வின்.
தாம்பாளத்தில் கவிழ்த்துத் தட்டினேன்.
ஏலமும் கருகின சீனியும் வீடு முழுக்க.
அடித்தாளின் ஓரத்தைப் பிடித்து உரித்தேன்.

நெய் ஊறிய தாள் கண்ணாடியாகிவிட்டிருந்தது.
முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக,
எறும்புக்கூட்டம் இரண்டு முட்டிக்கொண்டதுபோல.
ஓரத்தில் மட்டும் தெளிவாக: நூற்றெண்பத்தொன்பது.

செல்வின் என்னைப் பார்த்தார்.
எமீமா தாளைப் பார்த்தாள், பிறகு என்னை.
வெட்டுப்பட்ட வாலை நான் பார்த்தேன்.
கோயில் பக்கமிருந்து பஜனைக்காரர்களின் டிரம்
இரண்டு தெரு தள்ளிக் கேட்டது.

'எம்மா, கொலைகாரன் பேரு நெய்யில கலங்கிப் போச்சு' என்றாள்,
அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.
கேக்கின் அடியில் டார்ச் அடித்துத் தேடினாள்.
எழுத்து அங்கே தலைகீழாக அச்சாகியிருந்தது, லேசாக.
முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவர ஓடினாள்.

நான் யாபேஸை எழுப்பினேன்.
பாதித் தூக்கத்தில் உட்கார்ந்தான்.
'அந்தத் தாளை எடுத்தது நான்லே' என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
'உண்டியல்?'
'என் பர்ஸிலிருந்து.'
'திட்டினது?'

அதற்குப் பதில் தேடுவதற்குள்
வாசலில் பெட்ரோமாக்ஸ் வந்துவிட்டது,
பதினைந்து பேர் பாட்டைத் தொடங்கினார்கள்.
உபதேசியார் மட்டும் வாயசைத்தபடியே
தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி,
எங்கள் நட்சத்திரத்தின் வாலைப்
படித்துக்கொண்டிருந்தார்.